சிஸ்டரைக் கேளுங்க: ஊசி போட்ட அப்புறம் ஏன் உக்கார வைக்கிறாங்க?

அரசு ஆஸ்பத்திரி வார்டுகள்ல பல வருஷம் ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆன சிஸ்டர் பதில் சொல்றாங்க. இந்த தடவை தடுப்பூசி, சீரம் பத்தி வந்த கேள்விகள்.

கேள்வி: சிஸ்டர், என் பையனுக்கு 7 வயசு. போன திங்கக்கிழமை தெருநாய் கெண்டைக்கால்ல கடிச்சிருச்சு, ரத்தம் வந்துச்சு. ஜி.எச்ல ரெண்டு கையிலயும் ஊசி போட்டாங்க, அது சரி, அதுக்கு மேல கடிச்ச புண்ணுக்குள்ளயே குத்தி குத்தி மருந்து ஏத்துனாங்க, புள்ள கத்துன கத்து இன்னும் காதுலயே இருக்கு. அப்புறமும் ஒரு மணி நேரம் போகாதீங்கன்னு உக்கார வச்சாங்க. என் நாத்தனார் பையனுக்கு நாய் கீறுனப்போ கையில மட்டும்தான் போட்டாங்களாம். புண்ணுல எதுக்கு குத்தணும்? – ஒரு அம்மா, விருத்தாசலம்

பதில்: அந்த சிஸ்டர் சரியாத்தான் செஞ்சிருக்காங்கம்மா, மனச தேத்திக்கோங்க. கையில போட்டது தடுப்பூசி. அது உடம்புக்கு வேலை கத்துக்குடுக்கற மருந்து, உடம்பு கத்துக்கிட்டு எதிர்ப்பு சக்திய சொந்தமா செய்யறதுக்கு ஒரு வாரம் பத்து நாள் ஆயிரும், ஆனா வெறிநாய்க்கடி கிருமி அதுவரைக்கும் சும்மா இருக்காது, கடிபட்ட எடத்துல இருக்கற நரம்பப் புடிச்சு மூளைக்கு ஏறப் பாக்கும். அந்த இடைவெளிக்குத்தான் சீரம். குதிரை ரத்தத்துல இருந்தோ மனுஷ ரத்தத்துல இருந்தோ ரெடியா எடுத்த எதிர்ப்பு சக்தி அது, கிருமி எங்க நிக்குதோ அங்கயே போய் அமுக்கணும், அதனாலதான் புண்ணுக்குள்ளயும் சுத்தியும் போடறது. உங்க நாத்தனார் பையனுக்கு ரத்தம் வராத கீறலா இருந்திருக்கும், அதுக்கு தடுப்பூசி மட்டும் போதும்.

இந்த ஊசி போடறப்போ புள்ளைய விட பெத்தவங்கதான் அதிகமா நடுங்குவாங்க. நான் டியூட்டில இருந்தப்போ ஒரு தாத்தா பேரன தூக்கிக்கிட்டு வாசல் வரைக்கும் போயிட்டாரு, பின்னாடியே ஓடிப்போய் கையப் புடிச்சு, ஐயா இந்த நோய் வந்துட்டா அப்புறம் எங்க யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாதுய்யான்னு சொல்லித்தான் திருப்பிக் கூட்டிட்டு வந்தேன். அது மிரட்டல் இல்ல, உண்மை. அறிகுறி வந்த அப்புறம் பொழச்சவங்கன்னு உலகத்துலயே விரல் விட்டு எண்ணிரலாம்.

எடை கேட்டாங்களா? கட்டாயம் கேட்டிருப்பாங்க. குதிரை சீரம்னா ஒரு கிலோவுக்கு 40 யூனிட், மனுஷ சீரம்னா 20. 20 கிலோ புள்ளைக்கு குதிரை சீரம் 800 யூனிட். அதனால குத்துமதிப்பா "இருபது இருக்கும் சிஸ்டர்"னு சொல்லாதீங்க, மெஷின்ல நிறுத்துங்க. முதல் நாள் சீரம் ஸ்டாக் இல்லன்னு சொல்லிட்டா கூட விட்டுறக் கூடாது, முதல் தடுப்பூசி போட்டதுல இருந்து 7 நாளைக்குள்ள எங்கயாவது போய் போட்டுக்கணும், அதுக்கப்புறம் உடம்பே செய்ய ஆரம்பிச்சிரும், சீரம் தேவைப்படாது.

ஒரு மணி நேரம் உக்கார வச்சது குதிரை மருந்துங்கறதாலதான். ரொம்ப கொஞ்ச பேருக்கு ஒத்துக்காம போகும், உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு எளைப்பு, தலை சுத்தல்னு வரும், வந்தா நிமிஷக் கணக்குல அத அடக்கற அட்ரினலின் ஊசி போடணும். அது பஸ் ஸ்டாண்டுல நடந்தா யாரு போடுவா?

அடுத்த ஊசிக்கு வாங்க. கைத்தோல்ல ரெண்டு பக்கமும் கொஞ்சமா போட்டிருந்தா 0, 3, 7, 28 கணக்கு. இந்த 0தான் எல்லாரையும் கொழப்புது. திங்கக்கிழமை போட்டது 0, அப்ப வியாழக்கிழமை 3, அடுத்த திங்க 7, நாலு வாரம் கழிச்சு வர்ற திங்க 28. ஒரு நாள் தப்பிட்டா மறுநாளே போங்க, முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதில்ல. கறி மீன் ஆகாது, தலைக்கு ஊத்தக் கூடாதுன்னு வீட்டுல பெரியவங்க பத்தியம் சொல்வாங்க, ஒண்ணும் வேண்டாம், புள்ள என்ன கேக்குதோ குடுங்க. முன்னாடி தொப்புளச் சுத்தி போட்டது ஆட்டு மூளைல இருந்து செஞ்ச பழைய தடுப்பூசி, 1907ல ஆரம்பிச்ச நம்ம குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்லயும் ஒரு காலத்துல அதத்தான் செஞ்சாங்க, அது இப்ப கிடையவே கிடையாது. பயம் மட்டும் ஊருக்குள்ள பாக்கி இருக்கு. இன்னொண்ணு, கடிச்ச உடனே 15 நிமிஷம் சோப்பு போட்டு குழாய்த் தண்ணில கழுவணும், மஞ்சள், சுண்ணாம்பு, மொளகாப்பொடி எதுவும் வைக்கக் கூடாது, இத பக்கத்து வீட்டுக்கும் சொல்லி வைங்க.

கேள்வி: வயலுக்குப் போன அப்பாவ கண்ணாடி விரியன் கடிச்சிருச்சு. ஆஸ்பத்திரில மருந்து ஏறிக்கிட்டு இருக்கும்போதே அரிப்பு, குளிர் நடுக்கம் வந்து சிஸ்டர் டக்குனு டிரிப்ப நிறுத்திட்டாங்க, எங்களுக்கு உசுரே போயிருச்சு. அப்புறம் ஏதோ ஊசி போட்டு திரும்ப ஓட்டுனாங்க. இப்ப வீட்டுக்கு வந்து எட்டு நாள் ஆச்சு, காய்ச்சல், முட்டி வலி, தோல்ல செவப்பு செவப்பா இருக்கு. விஷம் இன்னும் இறங்கலயா? – மகன், செய்யாறு பக்கம்

பதில்: தம்பி, இது பெரும்பாலும் விஷம் இல்ல, சீரத்துக்கு உடம்பு தாமதமா காட்டற எதிர்ப்பு, சீரம் சிக்னஸ்னு சொல்வோம். மருந்து ஏறி ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு இப்படித்தான் வரும், மாத்திரைக்குக் கேக்கும். ஆனா கையில டிஸ்சார்ஜ் சீட்டோட இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க, மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்காதீங்க, கால் வீக்கம் ஏறுதா, ஒண்ணுக்கு கொறையுதான்னும் அவங்க பாக்கணும்.

அந்த சிஸ்டர் டிரிப்ப நிறுத்தினதுதான் உங்க அப்பாவ காப்பாத்துனது. பாம்பு விஷ மருந்தும் குதிரைல இருந்து வர்றதுதான். நம்ம மாமல்லபுரம் பக்கத்துல இருக்கற வடநெம்மேலில இருளர் மக்கள் 1978ல இருந்து கூட்டுறவு சங்கம் வச்சு நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுலயும் விஷம் எடுத்துக் குடுக்கறாங்க, மருந்து கம்பெனிங்க அத கொஞ்சம் கொஞ்சமா குதிரைக்கு ஏத்தி மருந்து செய்யறாங்க. முதல் தடவை 10 பாட்டில் பவுடர கரைச்சு ஒரு மணி நேரத்துல ஏத்துவோம். அந்த முதல் அரை மணி நேரம் நர்ஸ் கட்டிலை விட்டு நகரக் கூடாதுன்னு எனக்கு சொல்லிக்குடுத்த சிஸ்டர் சொல்வாங்க, நானும் நகர்ந்தது இல்ல. அரிப்பு, வாந்தி, இருமல், தொண்டை அடைக்கற மாதிரி இருந்தா நிறுத்து, அட்ரினலின் போடு, அடங்குன அப்புறம் மெதுவா திரும்ப ஆரம்பி. ஒத்துக்கலன்னு மருந்தையே விட்டுட்டா விஷம் ஆளக் கொன்னுரும், அதனாலதான் திரும்ப ஓட்டுனாங்க. நிறைய பேர் "அவனுக்கு அரிக்குது, சொன்னா மருந்த நிறுத்திருவாங்க"ன்னு பயந்து சொல்லாம மறைக்கறாங்க, தயவு செஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. சின்னப் புள்ளைக்கும் பெரியவங்களுக்கு ஏத்துற அதே 10 பாட்டில்தான், பாம்பு ஆளப் பாத்து விஷத்த கொறைச்சு விடறது இல்ல.

கேள்வி: ஒன்றரை மாசத்து ஊசி போட்டுட்டு அரை மணி நேரம் உக்காரச் சொல்றாங்க, எங்க ஊருக்கு ஒரே பஸ். பொறந்தப்போ போட்ட எடது கை ஊசி இப்ப பழுத்து சீழ் வந்திருக்கு, மஞ்சள் வைக்கலாமா? – இளம் தாய், கொல்லிமலை

பதில்: வைக்காதம்மா கண்ணு. அது பிசிஜிங்கற காசநோய் தடுப்பூசி, சில வாரத்துல கொப்புளமா வந்து ஒடஞ்சு தழும்பாகறது அதோட இயல்பு. தண்ணி பட்டா ஒண்ணும் இல்ல, பிதுக்காத, களிம்பு போடாத. அக்குள்ல பெரிய கட்டி வந்தா மட்டும் காட்டு. ஒன்றரை மாசத்து ஊசி தொடையில போட்ட எடம் வீங்கி காய்ச்சல் அடிச்சா நர்ஸம்மா குடுத்த பாராசிட்டமால் சொட்டு மருந்து, எடைக்கு எவ்ளோ சொன்னாங்களோ அவ்ளோதான், தாய்ப்பால் நிறுத்தாத, தேய்ச்சு விடாத. ஊசி நாள்ல காலைலயே முதல் ஆளா போயிரு, அரை மணி நேரம் இருந்துட்டு பஸ்ஸ புடிச்சிரலாம்.

கேள்வி: நான் நர்சிங் மூணாவது வருஷம். சீரம் போடறதுக்கு முன்னாடி பேஷன்ட்கிட்ட என்னல்லாம் கேக்கணும் சிஸ்டர்? – மாணவி, தஞ்சாவூர்

பதில்: முன்னாடி எப்பவாவது குதிரை சீரம் போட்டிருக்காங்களா, ஆஸ்துமா இருக்கா, எந்த மருந்து ஒத்துக்காது, வேற என்ன மாத்திரை சாப்பிடறாங்க. கேட்டுட்டு சீரம் பாட்டிலத் தொடறதுக்கு முன்னாடி அட்ரினலின எடுத்து ட்ரேல வச்சிரு, பெரியவங்களுக்கு அரை மி.லி. தொடை வெளிப்பக்கம் சதையில. பாம்பு மருந்து பவுடர குலுக்காத, நுரை வந்துரும், உள்ளங்கையில உருட்டு. தடுப்பூசி போட்ட எடத்துல சீரம் போடாத, ரெண்டுக்கும் ஒரே சிரிஞ்சும் கூடாது. போட்ட நேரம், பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி மூணையும் அப்பவே நோட்ல எழுது, அப்புறம் எழுதலாம்னு விட்டா பாட்டில் குப்பைக்குப் போயிரும். டியூட்டி மாத்தறப்போ எழுதுனது போதும்னு போயிராம அடுத்த சிஸ்டர்கிட்ட வாயாலயும் சொல்லிட்டுப் போ, "ஆறாம் நம்பர் பெட்டுக்கு ராத்திரி சீரம் போயிருக்கு, மூச்சப் பாத்துக்கோங்க"ன்னு.