கறிவேப்பிலையில் புழு வந்திருக்கிறதா? சந்தோஷப்படுங்கள்

தேனீ, வண்ணத்துப்பூச்சி, நாட்டுச் செடிகள் பற்றி மாடித்தோட்டக்காரர்களும் விவசாயிகளும் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. பலர் கேட்ட ஒரே கேள்வியைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, தொட்டியில் வைத்த கறிவேப்பிலைக் கன்றை ஒரு பச்சைப் புழு மொட்டையடித்துவிட்டது. வேப்பெண்ணெய் அடிக்கலாமா? (திருச்சி)

அடிக்காதீர்கள். அது பெரும்பாலும் கறிவேப்பிலை அழகி என்கிற கருப்பு வண்ணத்துப்பூச்சியின் புழு. இன்னும் சின்னதாக இருந்தபோது உங்கள் கண்ணில் பட்டும் தப்பியிருக்கும். அந்த வயதில் பழுப்பும் வெள்ளையுமாகக் குருவி எச்சம் மாதிரியே இலை மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அப்புறம் தோலுரித்துப் பச்சையாகிவிடும். ஒரு குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள்: தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பு ஒன்று வெளியே நீளும், கூடவே ஒரு காட்டமான வாசனை வரும். எதிரியை விரட்ட அதனிடம் இருக்கிற ஒரே ஆயுதம் அதுதான். உங்களை ஒன்றும் செய்யாது.

இரண்டு மூன்று வாரத்தில் அது இலையை விட்டு இறங்கி, இடுப்பில் ஒரு பட்டு இழையைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிவிடும். செடி மறுபடி துளிர்க்கும். கன்று ரொம்பச் சின்னது என்றால், பக்கத்தில் பெரிய கறிவேப்பிலை மரம் இருக்கும் வீடாகப் பார்த்து, இலையோடு கிள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். எல்லாப் புழுவும் வண்ணத்துப்பூச்சி ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாதிக்கு மேல் குளவிக்கும் தையல்சிட்டுக்கும்தான் போகும். தையல்சிட்டு குஞ்சுக்கு ஊட்டுவது புழுவைத்தான். புழுவே வேண்டாம், குருவி மட்டும் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

வண்ணத்துப்பூச்சி வர என்ன பூச்செடி வாங்கலாம் மேடம்? (சென்னை)

பூவைத்தான் எல்லோரும் கேட்கிறீர்கள், இலையை யாரும் கேட்பதில்லை. தேன் குடிக்க எந்தப் பூவுக்கும் வரும், முட்டையிட மட்டும் குறிப்பிட்ட செடியைத் தேடும். எருக்கு இருந்தால் வெந்தய வரியன் வரும். ஆவாரையும் கொன்றையும் மஞ்சள், வெள்ளைப் பூச்சிகளுக்கு. ஈஸ்வர மூலி ஒரு கொடி விட்டால் சிவப்பு உடம்புள்ள அழகிகள் வரும். வேடிக்கை என்னவென்றால், நம் கறிவேப்பிலை அழகியின் பெண்களில் சில அந்த அழகிகளைப் போலவே வேஷம் கட்டிக்கொண்டு திரியும். ஈஸ்வர மூலியைத் தின்று வளர்ந்த பூச்சி உடம்பில் விஷம் இருப்பதால் பறவை தொடாது. இவள் விஷமில்லாமலே அந்தப் பெயரில் தப்பிப்பாள்.

கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும் காய்ந்தாலும் பிடுங்காதீர்கள். வரியன் வகை ஆண்கள் அவற்றின் சாற்றை உறிஞ்சக் கூட்டமாக வரும், பெண்ணைக் கவரும் வாசனையை அதிலிருந்துதான் தயாரிக்கின்றன.

நர்சரியில் அடுக்குச் செம்பருத்தியைத் தள்ளுவார்கள். பார்க்க அழகுதான், ஆனால் மகரந்தம் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் இதழ்தான் இருக்கும். ஒற்றை இதழ்ச் செம்பருத்தியைக் கேட்டு வாங்குங்கள்.

கத்தரி பூக்கிறது, காய்க்க மாட்டேன் என்கிறது. தேனீப் பெட்டி வைத்தால் சரியாகிவிடுமா அக்கா? (மதுரை)

கத்தரிக்குத் தேனீப் பெட்டி வைத்துப் பெரிய பயன் இல்லை. கத்தரிப்பூவின் மகரந்தப் பையில் நுனியில் சின்ன துவாரம் மட்டும்தான். உள்ளே இருக்கும் பொடி வெளியே கொட்ட வேண்டுமானால் யாராவது பூவை அதிர வைக்க வேண்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. நீலப்பட்டைத் தேனீயும், முருங்கைப்பூவில் ரீங்காரம் போடும் பெரிய கருவண்டும் (அதுவும் தேனீ இனம்தான்) பூவைக் கட்டிப்பிடித்துச் சிறகுத் தசையை அதிரவிடும். அப்போது ஸ்வரம் மாறும், காதை வைத்துக் கேட்டால் தெரியும். அந்த வண்டு வரவில்லை என்றால், பூக்காம்பில் பேட்டரி டூத்பிரஷின் பின்பக்கத்தை வைத்துச் சில நொடி அதிர விடுங்கள். போதும்.

நீலப்பட்டைத் தேனீ மண்ணில் வளை தோண்டும். தோட்டம் முழுக்க சிமெண்டோ களை விரிப்போ போட்டால் அதற்கு வீடு எங்கே? வெயில் படும் மூலையில் கொஞ்சம் வெறும் மண் விடுங்கள். கருவண்டுக்குக் காய்ந்த மூங்கிலோ பட்டுப்போன கிளையோ வேண்டும்.

பூசணியும் புடலையும் பிஞ்சு பழுத்து உதிர்கின்றன. (தஞ்சாவூர்)

பூசணிப் பூ விடியலில் மலர்ந்து முற்பகலிலேயே வாடிவிடும். காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவினால் சரி. புடலையும் சுரையும் மாலையில் மலர்பவை, அவற்றைத் தேடி வருவது அந்துப்பூச்சி. தோட்டத்தில் இரவெல்லாம் லைட் எரிந்தால் அது லைட்டைச் சுற்றும், பூவுக்கு வராது.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. பெட்டியில் எதை வளர்க்கலாம், இத்தாலியத் தேனீயா, நாட்டு அடுக்குத் தேனீயா?

அடுக்குத் தேனீ. நம் பூக்களுக்குப் பழகியது, சின்னத் தோட்டத்திலும் பிழைக்கும். மார்த்தாண்டம் வட்டாரத்துக்காரர்களைக் கேளுங்கள், அவர்களுக்குத் தலைமுறை அனுபவம். 1991-92 வாக்கில் தேனீப் புழுக்களைத் தாக்கும் ஒரு வைரஸ் வந்து தென்னிந்தியா முழுக்கப் பெட்டிகள் காலியாயின. அதிலிருந்து மீண்டவர்கள் அவர்கள். அங்கே வரும் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து கூட இல்லை, ரப்பர் மரத்தின் இளந்தளிர் சுரக்கும் இனிப்பிலிருந்து. ஒரே இடத்தில் நிறையப் பெட்டி குவிக்காதீர்கள், காட்டுத் தேனீக்களுக்கு எதுவும் மிஞ்சாது. தென்னைக்கு மருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால் தேனீக்கள் திரும்பிய பிறகு மாலையில் அடியுங்கள்.

உண்ணிப்பூவில் வண்ணத்துப்பூச்சி மொய்க்கிறது. அதைப் போய் அழிக்கச் சொல்கிறீர்களே? (கூடலூர்)

தேன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடி. முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் பாருங்கள்: புதர் அடர்ந்த இடத்தில் அடியில் புல் முளைப்பதில்லை, மானுக்குத் தீனி போகிறது. பழத்தைத் தின்ற பறவை விதையை அடுத்த மலைக்கும் கொண்டுபோகிறது. வீட்டு வேலியில் இருந்தால் ஒரே நாளில் வெட்டிச் சாய்க்காமல், நொச்சியும் வெட்சியும் வளர வளரக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். குச்சி வீணாகாது. உங்கள் ஊர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் அதை வளைத்து நிஜ யானை அளவுக்கு யானைகள் செய்து லண்டன் வரை அனுப்பியவர்கள்.

அபார்ட்மெண்ட் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் பெரிய தேன்கூடு. தீ வைக்கலாம் என்கிறார்கள். (கோவை)

வேண்டாம், ஆபத்தும்கூட. அது மலைத்தேனீ, பருவம் மாறினால் தானே இடம் மாறிவிடும். அதுவரை இரவில் அந்தப் பக்கம் விளக்கை அணைத்து வையுங்கள், ஆட்கள் போகாமல் கயிறு கட்டுங்கள். குழந்தைகள் புழங்கும் இடமென்றால் நெருப்பில்லாமல் இடம் மாற்றத் தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள்.

ரோஜா இலையில் கத்தரியால் வெட்டியது போல வட்ட வட்டமாக ஓட்டை. என்ன நோய்? (சேலம்)

நோயில்லை. இலைவெட்டித் தேனீ இலைத்துண்டை எடுத்துப்போய்த் தன் கூட்டுக்குள் குஞ்சுக்கு மெத்தை போடுகிறது. செடிக்கு ஒன்றும் ஆகாது, மருந்து வாங்க வேண்டாம்.