கொப்புளம் காய்ந்துவிட்டது, சொரியாசிஸ் அடங்கிவிட்டதா?

கேள்வி: என் தம்பிக்கு 36 வயது. பல வருடமாக முழங்கையிலும் தலையிலும் சொரியாசிஸ் உண்டு. தெரிந்தவர் சொன்ன மாத்திரையைச் சாப்பிட்டதில் தோல் சுத்தமாகத் தெளிந்தது. நிறுத்திய ஒரே வாரத்தில் குளிர் காய்ச்சல், உடம்பெல்லாம் சிவந்து சீழ்க் கொப்புளம். மருத்துவமனையில் ‘பஸ்டுலர் சொரியாசிஸ்’ என்றார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான், தோல் உரிகிறது. இது திரும்ப வருமா? என் குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: ஒட்டாது. அந்தக் கொப்புளங்களில் இருப்பது கிருமி இல்லாத சீழ். உடம்பின் வெள்ளை அணுக்களே தோலுக்குள் கூட்டமாக வந்து தேங்கியதால் உண்டானது. குழந்தைகள் மாமா மடியில் தாராளமாக உட்காரலாம்.

திரும்ப வருமா என்றால், வரலாம். இது சொரியாசிஸில் அரிதான வகை. 1910-இல் வான் சும்புஷ் என்ற தோல் மருத்துவர் இதை விவரித்தார். அவருடைய நோயாளிக்கும் உங்கள் தம்பியைப் போலவே முதலில் சாதாரண சொரியாசிஸ்தான் இருந்தது. பிறகு சீழ்க் கொப்புளங்களோடு மறுபடி மறுபடி மருத்துவமனையில் சேர வேண்டி வந்தது. அலை அலையாக வருவதுதான் இந்த நோயின் குணம்.

ஓர் அலை எப்படிப் போகும் என்று தெரிந்திருந்தால் அடுத்ததை முன்கூட்டியே பிடித்துவிடலாம். முதலில் தோல் எரியும், சட்டை பட்டாலே வலிக்கும். கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு சிவக்கும். சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் அந்தச் சிவப்பின் மேல் கடுகளவு வெள்ளைக் கொப்புளங்கள் கிளம்பும், கூடவே காய்ச்சலும் நடுக்கமும் வரும். கொப்புளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து சீழ் தேங்கி நிற்கும். ஓரிரு நாளில் காய்ந்து ஏடு ஏடாக உரியும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாகும் நேரம் அதுதான். ஆனால் உரிந்த இடத்திலேயே புதுக் கொப்புளம் கிளம்பலாம். ஒரு தாக்குதல் முழுசாக அடங்கப் பல வாரம் ஆகலாம். அதனால் தோல் உரிவதை வைத்து நோய் முடிந்தது என்று எண்ண வேண்டாம். காய்ச்சல் இல்லை, புதுக் கொப்புளம் இல்லை, ரத்தப் பரிசோதனையும் சரியாகிவிட்டது என்றால்தான் தேறிவிட்டார் என்று சொல்லலாம். இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டினால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும்.

சரி, எதனால் வந்தது? அந்த மாத்திரையின் அட்டை வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. சொரியாசிஸை அது சில நாளில் அமுக்கிவிடும். சட்டென்று நிறுத்தும்போது நோய் இந்த வடிவத்தில் சீறிக்கொண்டு வரலாம். பெயர் எழுதாத பொடியோ மாத்திரையோ வேகமாகக் குணம் காட்டினாலும் எனக்கு முதலில் இந்தச் சந்தேகம்தான் வரும். தொண்டைப் புண் போன்ற கிருமித்தொற்று, கர்ப்பம், லித்தியம் போன்ற சில மருந்துகளும் இதைத் தூண்டும். சிலருக்கு மரபணுக் காரணமும் உண்டு. அழற்சியைக் கட்டுக்குள் வைக்கும் ஒரு புரதம் அவர்களுக்குச் சரியாக வேலை செய்வதில்லை என்று 2011-இல் கண்டுபிடித்தார்கள். அதனால் கட்டுமீறும் அழற்சியின் வழியைத் தடுக்கும் ஸ்பெசோலிமாப் என்ற ஊசிக்கு 2022-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது தம்பிக்குத் தேவையா, கட்டுப்படியாகுமா என்று உங்கள் தோல் டாக்டரிடம் கேளுங்கள்.

இங்கே பெரும்பாலும் கொடுப்பது அசிட்ரெடின், சைக்ளோஸ்போரின், மெத்தோட்ரெக்சேட் ஆகியவைதான். மெத்தோட்ரெக்சேட் கொடுத்திருந்தால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: அது வாரத்துக்கு ஒரு நாள் மருந்து. தினமும் போட்டால் ரத்த அணுக்கள் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். கிழமையை அட்டையிலேயே பேனாவால் எழுதிவையுங்கள். அந்த மருந்தோடு மதுவும் ஆகாது.

பத்தியம் என்று முட்டை, பால், பருப்பை நிறுத்தியிருந்தால் தயவுசெய்து இன்றைக்கே திரும்பக் கொடுங்கள். தோல் உரியும்போது புரதமும் நீரும் சேர்ந்தே போகின்றன. ரத்தத்தில் கால்சியமும் இறங்கும். கால் வீங்குவது புரதம் குறைந்ததால் இருக்கலாம். தோலுக்கு வாசனை இல்லாத வாசலின் அல்லது லிக்விட் பாரஃபின் போதும். தார் கலந்த களிம்பையும் சாலிசிலிக் அமிலக் களிம்பையும் இப்போது தொடவே வேண்டாம்.

மறுபடி காய்ச்சலோடு தோல் சிவந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கை விரல்கள் மரத்து இழுத்துக்கொண்டாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். இதயம், நுரையீரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் இந்த நோய் பாதிக்கக்கூடும். கிருமி ரத்தத்தில் கலந்துவிடும் அபாயமும் உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்திருங்கள். இரவுப் பணியில் இருக்கும் டாக்டர் இந்த நோயை இதுவரை பார்க்காதவராக இருக்கலாம். சாதாரணச் சீழ்ப்புண் என்று நினைத்து வெறும் ஆன்டிபயாட்டிக் கொடுத்து அனுப்பிவிடவும் கூடும். பல் வலியோ மூட்டு வலியோ எதற்குப் போனாலும் ‘ஸ்டீராய்டு நிறுத்தி எனக்கு இப்படி ஆனது’ என்று தம்பி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இப்போதும் டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். அவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.