சிறையிலிருந்து வந்தவருக்கு வேலை கொடுக்கலாமா?

வணக்கம் அம்மா,

திருப்பூரில் சிறிய பவர் டேபிள், அதாவது தையல் கூடம், நடத்துகிறேன். பிற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் மட்டும்தான். சென்ற வாரம் ஒருவர் டெய்லர் வேலை கேட்டு வந்தார். ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார வைத்துப் பார்த்தேன்; தையல் நேர்த்தியாக இருந்தது. எங்கே பழகினீர்கள் என்று கேட்டதற்கு, மறைக்காமல் கோவை மத்திய சிறையில் என்றார். வரப்புத் தகராறில் நடந்த அடிதடியில் ஒருவர் இறந்துவிட்ட வழக்காம். ஏழு ஆண்டுகள் உள்ளே இருந்திருக்கிறார்.

தொழிலில் கூட்டாளியான என் தம்பி வேண்டவே வேண்டாம் என்கிறான். பெண்கள் அதிகம் வேலை செய்யும் இடம். நாளை பணமோ துணியோ காணாமல் போனால் என்ன செய்வது? துணி வாங்கும் கம்பெனியான பையர், ஆடிட் என்று தொழிற்கூடத்தைச் சோதிக்க வந்தால் சிக்கலாகுமா? சொல்லி அனுப்புகிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன். மனது கேட்கவில்லை. என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன்.

வேலை கொடுப்பவர்களில் பலர் கல்நெஞ்சர்கள் அல்லர். முடிவெடுக்காமல் தள்ளிப்போடுகிறார்கள்; வேலை கேட்டு வந்தவருக்கு அது மறுப்பாகவே போய்ச் சேர்கிறது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் தேவா பேஜர் என்ற சமூகவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரே மாதிரித் தகுதியுள்ள இளைஞர்களை வேலை கேட்க அனுப்பினார்; சிலருடைய விண்ணப்பத்தில் மட்டும் சிறை சென்ற விவரம் இருந்தது. 2003 இல் முடிவுகள் வெளியாயின. வெள்ளையர்களில் சிறைப் பின்னணி இல்லாதவர்களுக்கு 34 சதவீத இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. இருந்தவர்களுக்கு 17 சதவீதம். கறுப்பினத்தவர்களுக்கு அது 14, 5 என்று இன்னும் கீழே போனது. பிறகு அதே முதலாளிகளிடம், சிறை சென்று வந்தவரை எடுப்பீர்களா என்று தொலைபேசியில் கேட்டார்கள். எடுப்போம் என்றவர்களும் மாட்டோம் என்றவர்களும் நடைமுறையில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொண்டிருந்தார்கள். இந்த இரண்டாவது செய்திதான் என்னை மிகவும் உறுத்துகிறது. உங்கள் கடிதத்தில் நல்ல மனது தெரிகிறது. அது மட்டும் இருந்து அவருக்கு என்ன பயன்?

பிரிட்டனில் 1974 இல் ஒரு சட்டம் வந்தது. தண்டனைக்குப் பின் குறிப்பிட்ட ஆண்டுகள் குற்றமின்றி வாழ்ந்தவர், பெரும்பாலான வேலைகளுக்குத் தம் பழைய தண்டனையைச் சொல்லத் தேவையில்லை. பெரியவர்கள் விஷயத்தில் நம்மிடம் அப்படியொரு பொதுச் சட்டம் கிடையாது. உங்களைப் போன்ற தனிமனிதர்களின் முடிவில்தான் எல்லாம் வந்து நிற்கிறது.

குற்றத்தையும் வேலையையும் சேர்த்துவைத்துப் பாருங்கள். பணம் கையாடியவரைக் கல்லாவில் உட்கார வைக்கத் தயங்குவது நியாயம். பெண்களிடமோ குழந்தைகளிடமோ வன்முறை செய்தவரை, விடுதியோடு இருக்கும் மில்லில் சேர்க்க நானே சம்மதிக்க மாட்டேன். வரப்புத் தகராறுக்கும் ஓவர்லாக்குக்கும் என்ன தொடர்பு? கோபக்காரராக இருந்தால் என்று நீங்கள் கேட்கலாம். தீர்ப்பு நகலை வாங்கிப் படியுங்கள். ஊர்ப்பேச்சை நம்புவதைவிட அது மேல்.

கோவை நஞ்சப்பா சாலையில் சிறைத்துறையின் பெட்ரோல் பங்க் இருக்கிறது. தண்டனைக் கைதிகளே பெட்ரோல் போட்டு, பணம் வாங்கி, சில்லறை எண்ணிக் கொடுக்கிறார்கள். புழலில் 2023 இல் பெண் கைதிகளுக்கென்றே ஒரு பங்க் திறந்தார்கள். தண்டனை நடக்கும்போதே அவர்கள் கையில் பணத்தைக் கொடுக்கிற நாம், அது முடிந்த பிறகு ஏன் பயப்படுகிறோம்?

ஏதாவது காணாமல் போனால் எல்லோருடைய பார்வையும் அவர்மேல்தான் விழும். அவருடைய பெரிய பயமும் அதுவாகத்தான் இருக்கும். ஆகவே கட்டிங்கிலிருந்து எத்தனை பீஸ் வந்தது, செக்கிங்குக்கு எத்தனை போனது, சாவி யாரிடம் என்பதைக் கையெழுத்தோடு எழுதிவையுங்கள். மற்ற தொழிலாளர்களிடம் நீங்களாக எதையும் சொல்ல வேண்டாம். யாராவது ஒருநாள் வந்து போட்டுக்கொடுத்தால், 'தெரிந்துதான் சேர்த்தோம்' என்று நீங்களும் தம்பியும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். அதை இப்போதே இருவரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நீங்கள் தடுமாறினால் அவர் மறுநாள் வரமாட்டார்.

ஆடிட் பயம் வேண்டாம். பையர்களின் விதிகள் தடுப்பது, சிறைக்குள் கட்டாயப்படுத்தி வாங்கும் உழைப்பை. விடுதலையாகி, தானாக வந்து வேலை செய்பவருக்கு அது பொருந்தாது. கூலியில் மட்டும் கைவைத்துவிடாதீர்கள். வேறு போக்கிடம் இல்லாதவர்தானே என்று பீஸ் ரேட்டைக் குறைப்பது சுரண்டல்; அதற்கு உதவி என்று பெயர் சூட்டுவது அதைவிட மோசம்.

கோவைச் சிறை என்றதும் எனக்கு வ.உ.சி. இழுத்த செக்கு நினைவுக்கு வரும். அவர் நாட்டுக்காகச் சிறை சென்றவர். உங்களிடம் வந்தவரோடு ஒப்பிடவில்லை. ஆனால் 1912 இல் வெளியே வந்தபோது வக்கீல் தொழில் செய்வதற்கான உரிமமான அவருடைய சன்னது பறிபோயிருந்தது. வறுமை பல ஆண்டுகள் வாட்டியது. வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால்தான் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்து அவ்வளவு துன்பப்பட்டவர், பிழைப்பைத் திருப்பிக் கொடுத்த ஓர் ஆங்கிலேயரை அந்த அளவுக்கு மனதில் வைத்திருக்கிறார்.

திங்கட்கிழமை வரச் சொல்லுங்கள். ஏழு ஆண்டுகள் உள்ளே இருந்தவருடைய ஆதாரில் பழைய செல்போன் எண்தான் இருக்கும்; வங்கிக் கணக்கும் முடங்கிப்போயிருக்கும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவு அங்கேயே தடைபட்டு நின்றுவிடும். முதல் வாரத்தில் சம்பளத்தோடு அரைநாள் விடுப்பு கொடுத்து, ஆதாரையும் வங்கிக் கணக்கையும் சரிசெய்துவரச் சொல்லுங்கள்.