தோப்புக்குள் வீடு, ரோட்டோடு நின்ற ஃபைபர்

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவே எங்கள் வீடு. மெயின் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே. மகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். ஃபைபர் இணைப்பு கேட்டால் எல்லோரும் ‘உங்க இடத்துக்கு வராது’ என்கிறார்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வீடியோ கால் பாதியில் அறுந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஏன் வராது என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தூரம்தான் காரணம் என்றால் நம்ப வேண்டாம். வீடுகளுக்கு வரும் ஃபைபர், எக்ஸ்சேஞ்சிலிருந்து 20 கிலோமீட்டர் வரை போகக்கூடியது. ஒரு கிலோமீட்டர் ஃபைபரில் ஒளி இழப்பது அரை டெசிபல்கூட (ஒளி எவ்வளவு குறைகிறது என்பதற்கான அளவு) இல்லை. ஒரு இழையை 32 வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரோ சுமார் 17 டெசிபல் தின்றுவிடும். ஆக, உங்கள் ஒன்றரை கிலோமீட்டர் ஒளிக்குப் பெரிய தூரமே அல்ல. ஒரே ஒரு வீட்டுக்காகக் கேபிளும் கம்பமும் ஆள்கூலியும் போட நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. இது செலவுக் கணக்கு. செலவுக் கணக்கென்றால் பேசித் தீர்க்க வழி உண்டு.

கால் சென்டரை விடுங்கள். உங்கள் ஊரில் இணைப்பு கொடுக்கும் கேபிள்காரரையோ, பி.எஸ்.என்.எல். ஃபைபரை எடுத்து நடத்தும் உள்ளூர் பார்ட்னரையோ நேரில் பாருங்கள். ‘கனெக்‌ஷன் கிடைக்குமா?’ என்று ஆரம்பிக்காமல், ‘கடைசி ஃபைபர் பாக்ஸ் எந்த இடத்தில் இருக்கிறது, அதில் போர்ட் (இணைப்பு செருகும் இடம்) காலியா?’ என்று கேளுங்கள். கிராமங்களுக்கு இணையம் கொண்டுபோகும் அரசின் பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகிறார்கள். உங்கள் ஊராட்சிக்கு வந்துவிட்டதா என்பதையும் விசாரியுங்கள். வந்திருந்தால் வீட்டுக்கே வந்த மாதிரி ஆகாது, ஆனால் தொடங்கும் இடம் பக்கத்தில் வந்திருக்கும்.

பிறகு பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் பேசுங்கள். நான்கைந்து வீடுகள் சேர்ந்து கேபிள் செலவை ஏற்றுக்கொள்கிறோம் என்றால், ‘வராது’ என்றவரே டேப்போடு வந்து நிற்பார். கேபிளை யார் பராமரிப்பது, அறுந்தால் யார் செலவு என்பதை மட்டும் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தோப்புக்குள் கேபிளைத் தொங்கவிட வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். காய்ந்த மட்டை ஒன்று விழுந்தால் போதும், அறுந்துவிடும். அனுமதி இல்லாமல் மின்கம்பத்தில் கட்டுவது உயிருக்கே ஆபத்து. வரப்போரமாக இரண்டடி ஆழத்தில் ஹெச்.டி.பி.ஈ. (கெட்டிப் பிளாஸ்டிக்) பைப் பதித்து அதற்குள் விடுங்கள். எலியும் கடிக்காது, உழும்போதும் மாட்டாது. வழியில் மற்றவர் நிலம் இருந்தால் முன்கூட்டியே சம்மதம் வாங்குங்கள். கேபிள் வேலை நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இணைப்பு கொடுக்க வருபவரிடம் மோடம் முனையில், வந்துசேரும் ஒளியை அளக்கும் பவர் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 20 டி.பி.எம். பக்கம் காட்டினால் அருமை. மைனஸ் 27-ஐ நெருங்கினால் இணைப்பு விட்டுவிட்டுத்தான் வரும். எங்கோ ஜாயிண்ட் சரியில்லை அல்லது கேபிள் மடங்கியிருக்கிறது. அவர் வண்டியை எடுக்கும் முன்பே சரிசெய்ய வையுங்கள், அப்புறம் ஆளைப் பிடிப்பது கஷ்டம்.

ஃபைபர் வரும்வரை மகளின் வேலை காத்திருக்காது. அதற்கு, சிம் போடும் அவுட்டோர் ரூட்டரை மொட்டைமாடியில் நிறுத்துங்கள். ஹாட்ஸ்பாட் திணறுவதற்கு முக்கியக் காரணம் போன் வீட்டுக்குள் இருப்பதுதான். ஈரம் நிறைந்த தென்னை ஓலை சிக்னலை உறிஞ்சுகிறது, கான்கிரீட் சுவர் மீதியையும் தடுக்கிறது. வாங்கும் முன் வெவ்வேறு நிறுவன சிம்களோடு மாடியேறி, போனில் சிக்னல் அளவை (டி.பி.எம். கணக்கில் வருவது) பாருங்கள். மைனஸ் 90-க்குள் இருந்தால் நல்லது, மைனஸ் 110-ஐத் தாண்டும் சிம்முக்குப் பணம் கட்டாதீர்கள். மாலை ஏழு மணிக்கு மேலும் ஒருமுறை வேகத்தைச் சோதியுங்கள், டவரில் நெரிசல் அப்போதுதான் தெரியும். ஆன்டெனாவை மட்டும் மேலே வைத்து நீளமான ஆன்டெனா ஒயரைக் கீழே இறக்கினால் கிடைத்த சிக்னலில் நிறைய வழியிலேயே போய்விடும். ரூட்டரையே மேலே வைத்து லேன் கேபிளை இறக்குங்கள். அது 100 மீட்டர் வரை தாங்கும்.

மாடிக் கம்பத்துக்கு எர்த் கட்டாயம். இடி இடிக்கத் தொடங்கும் முன்பே அந்த லேன் கேபிளைக் கழற்றிவிடுங்கள். கரண்ட் போனால் ரூட்டர் அணையாமல் இருக்க 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பின்னர் ஃபைபர் மோடத்துக்கும் அதே பயன்படும், வாங்கும்போது பின் அளவையும் ஆம்பியரையும் பார்த்து வாங்குங்கள்.