அண்ணா நகருக்கு என்ன வரலாறு? – கடிதம்

வணக்கம் சார்,
சென்னை ஏரியாக்கள் பத்தின உங்க தொடர்ல மயிலாப்பூர், திருவல்லிக்கேணி சரி, கோயில் இருக்கு, பழைய கதை இருக்கு. அண்ணா நகரை எதுக்கு சேர்த்தீங்க? ஹவுசிங் போர்டு கோடு போட்டுக் குடுத்த இடம், அதுக்கு என்ன வரலாறு?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தக் கோடு போட்ட கதையத்தான் எழுதணும்னு நினைக்கிறேன். முன்னாடி அங்க நடுவக்கரை மாதிரி கிராமங்கள்தான். 1968 ஜனவரில அங்க உலக வர்த்தகக் கண்காட்சி நடந்துச்சு, அப்ப அண்ணா முதலமைச்சர், அதுக்காகக் கட்டினதுதான் இப்ப பார்க்குக்குள்ள நிக்கிற விஸ்வேஸ்வரய்யா டவர், 135 அடி, சுத்திச் சுத்தி ஏறிப் போகணும். 2011-ல மூடி வெச்சுட்டாங்க, கம்பி வலையெல்லாம் போட்டு 2023-லதான் திறந்தாங்க, போகலேன்னா ஒருவாட்டி போய்ட்டு வாங்க, ஊரோட பிளான் மேல இருந்து பார்த்தாதான் பிடிபடும்.

கண்காட்சி முடிஞ்சு எழுபதுகள்ல ஹவுசிங் போர்டு நேர் நேரா அவென்யூ, மெயின் ரோடு, தெரு, எழுத்துப் பேர்ல பிளாக்குனு பிரிச்சாங்க. எனக்கு முக்கியமாப் படுறது அகலமான ரோடு இல்ல, எச்ஐஜி (அதிக வருமானம்), எம்ஐஜி (நடுத்தர வருமானம்), எல்ஐஜினு (குறைஞ்ச வருமானம்) வருமானத்துக்கு ஏத்த மாதிரி வீடு கட்டி எல்லாரையும் ஒரே ஊர்ல குடிவெச்சாங்களே, அதுதான். பெரிய பங்களா இருக்கிற அதே ஊர்ல சின்ன சம்பளக்காரரும் தவணை கட்டி வீட்டுக்காரர் ஆனார். எல்ஐஜி வீடுகளைப் பார்த்திருப்பீங்க, முன்னாடி ஒரு ரூம் இழுத்துக் கட்டி, பையனுக்குக் கல்யாணம்னா மேல ஒரு மாடி போட்டு, தெருப்பக்கம் ஒரு தையல் கடையோ மளிகைக் கடையோ வெச்சிருப்பாங்க, போர்டு போட்ட பிளான்ல இதெல்லாம் கிடையாது, குடியிருந்தவங்க சேர்த்தது.

அண்ணா நகர் நுழைவுல நிக்கிற அண்ணா வளைவுக்காகப் பேச ஆள் இருந்தாங்க. 2012-ல பாலத்துக்காக அதை இடிக்க ஆரம்பிச்சப்போ எதிர்ப்பு வந்துச்சு, விட்டுட்டாங்க, இப்பவும் நிக்குது. இந்த எல்ஐஜி வீடுகளுக்கு அப்படி யாரும் இல்ல. ஒண்ணொண்ணா பில்டர் கைக்குப் போய், கீழ கார் பார்க்கிங் மேல ஃபிளாட்னு மாறிட்டிருக்கு. மெட்ரோ வந்தப்புறம் அங்க சின்ன சம்பளத்துல யாரும் வீடு வாங்க முடியாது. அதான் அவசரமா எழுதுறேன்.

உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது அந்த வீடுகள்ல இருந்திருந்தா, அலாட்மென்ட் ஆர்டரோ பழைய போட்டோவோ இருந்தா ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லுங்க, அடுத்த பகுதில சேர்த்துக்கிறேன்.