கேள்வி–பதில்: கொழும்பில் அறை எடுக்கும்போது

கேள்வி: கொழும்புப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறேன். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு அறை பார்த்திருக்கிறோம். கரன்ட் பில் தனியாம். எதைக் கவனிக்க வேண்டும்?
– மாணவி, வவுனியா

பதில்: வாடகையை விட கரன்ட் பில்லில்தான் பலர் ஏமாறுகிறார்கள், தங்கச்சி. மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கூடிய கட்டணம் விழும். நாலு அறைக்கு ஒரே மீற்றர் என்றால் நீங்கள் எவ்வளவு சிக்கனமாக இருந்தும் பயனில்லை. உங்கள் அறைக்குத் துணை மீற்றர் உண்டா, அலகுக்கு எவ்வளவு என்று முற்பணம் கொடுக்குமுன் எழுத்தில் வாங்குங்கள். குடிபுகும் நாளன்று மீற்றரைப் படம் எடுத்து வையுங்கள். 75 வாற் மின்விசிறி பத்து மணித்தியாலம் ஓடினால் மாதம் 22 அலகு வரும். கேத்தலில் நாளுக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் தண்ணீர் கொதிக்க வைப்பது அதோடு பார்த்தால் குறைவுதான்.

அடுத்தது பூஞ்சணம். கடல் காற்று ஈரமானது. அலுமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் பின்பலகை கறுத்துவிடும். அறைக்குள் துணி காயப்போடாதீர்கள். பூச்சி உருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்துக்கு உதவாது. தோல் சப்பாத்து வேண்டவே வேண்டாம், இரண்டு கிழமையில் வெள்ளை பூத்துவிடும்.

வாளி, நுளம்பு வலை எல்லாம் ஊரிலிருந்து சுமக்காதீர்கள். புறக்கோட்டையில் பேரம் பேசி வாங்கலாம். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, பகல் தூக்கத்துக்கும் வலை போடுங்கள். கோட்டைப் பக்கம் போக வேண்டியிருந்தால் பஸ்ஸை விட ரயில் மலிவு, காலி வீதி நெரிசலும் இல்லை.