முகக்கவசமும் முகமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கோவையில் ஒரு பவுண்டரியில் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். எங்கள் வார்ப்புகளை வாங்கும் அமெரிக்க நிறுவனம், ஃபெட்லிங் (வார்ப்புகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யும்) பிரிவில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் 'ஃபிட் டெஸ்ட்' (முகக்கவசம் முகத்தில் பொருந்துகிறதா என்று பார்க்கும் பொருத்தச் சோதனை) செய்த பதிவைக் கேட்கிறது. நாங்கள் தரச்சான்று பெற்ற என்95 முகக்கவசங்களைத்தான் வாங்கிக் கொடுக்கிறோம். ரசீதும் சான்றிதழும் கோப்பில் உள்ளன. அவை போதாதா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: போதாது. உங்கள் கோப்பில் உள்ள சான்றிதழ் வடிகட்டியைப் பற்றியது. உங்களிடம் கேட்கப்படுவதோ அதை அணிகிறவரின் முகத்தைப் பற்றியது. வடிகட்டுவதற்கு மிகக் கடினமான, ஏறத்தாழ 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுத்து நிறுத்தும் என்பதே என்95 என்ற பெயரின் பொருள். அந்தச் சோதனையின்போது முகக்கவசத்தின் ஓரங்களை ஒரு தகட்டின் மேல் காற்றுப் புகாதபடி ஒட்டிவிட்டுத்தான் கருவிக்குள் வைக்கிறார்கள். தொழிலாளியின் கன்னத்தில் யாரும் அப்படி ஒட்டுவதில்லை. அவர் மூச்சை உள்ளிழுக்கும்போது கவசத்துக்குள் காற்றழுத்தம் சற்றுக் குறைகிறது. காற்று தடை குறைந்த வழியையே நாடும் என்பதால், மூக்குத்தண்டின் ஓரத்திலோ தாடைக்கு அடியிலோ சிறு இடைவெளி இருந்தாலும், வடிகட்டியை ஒதுக்கிவிட்டு அந்த இடைவெளி வழியாகத் தூசியோடு உள்ளே நுழைகிறது.

வார்ப்பில் ஒட்டியுள்ள மணலைக் கிரைண்டரால் தேய்த்தெடுக்கும்போது பறக்கும் தூசியில், கண்ணுக்குத் தெரிவதைவிடத் தெரியாத பகுதியே அபாயமானது. மிக நுண்ணிய சிலிக்கா துகள்கள் நுரையீரலின் கடைசிச் சிற்றறைகள் வரை சென்று தங்கிவிடுகின்றன. அதனால் வரும் சிலிக்கோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. கோலார் தங்கவயலில் பாறை துளைத்த தமிழ்க் குடும்பங்கள் பல இந்த நோயை நேரில் கண்டவை. அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே இதைச் சேர்த்திருந்தது.

உங்கள் வாடிக்கையாளர் மனத்தில் வைத்திருப்பது, அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் 1910.134 என்ற விதி. முகத்தை இறுக்கி மூடும் எந்தச் சுவாசக் கவசத்தையும் ஒருவர் முதன்முதலாக அணிந்து வேலையில் இறங்குமுன் பொருத்தச் சோதனை செய்ய வேண்டும், கவசத்தின் வகையோ மாடலோ அளவோ மாறினால் மீண்டும் செய்ய வேண்டும், எதுவும் மாறாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்று அந்த விதி கூறுகிறது. அமெரிக்க விதி கோவையில் உள்ள ஆலையை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஒப்பந்தத்தின் வழியாகவே அது உங்களிடம் வருகிறது. எந்த வழியாக வந்தாலும் வரவேற்க வேண்டியது என்பதே என் கருத்து.

சோதனையில் இரு வகைகள் உண்டு. சுவையையோ மணத்தையோ கொண்டு கண்டறிவது ஒன்று. கருவியால் அளப்பது மற்றொன்று. என்95 போல மூக்கையும் வாயையும் மட்டும் மூடும் அரைமுகக் கவசத்துக்கு முதல் வகையே போதும். முதலில் தொழிலாளியின் தலைக்கு மேல் ஒரு கூண்டுறையைக் கவிழ்த்து, கவசம் இல்லாமலேயே மிக நீர்த்த சாக்கரின் கரைசலைப் பத்து முறை உள்ளே தெளிக்கிறார்கள். அவர் வாயைச் சற்றுத் திறந்து நாக்கை நீட்டியபடி மூச்சுவிட வேண்டும். இனிப்புத் தெரிந்தால் அவரால் சுவையை உணர முடிகிறது என்பது உறுதியாகிறது. நாக்கிலிருந்து அந்தச் சுவை முற்றிலும் நீங்கிய பிறகு, கவசத்தை அணியச் செய்து, முன்னதைவிட நூறு மடங்கு அடர்ந்த கரைசலைத் தெளிக்கிறார்கள். வெளியே உள்ளதில் நூறில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே கசிந்தால் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். அரைமுகக் கவசத்துக்குப் பொருத்த எண் 100 என்று விதி சொல்வதன் பொருள் இதுதான். கண்ணையும் சேர்த்து மூடும் முழுமுகக் கவசத்தைக் கருவியால் அளந்தால் இந்த எண் 500 ஆக இருக்க வேண்டும்.

தெளிப்பு தொடரும்போதே தொழிலாளி இயல்பாக மூச்சுவிட்டு, பிறகு ஆழ மூச்சிழுத்து, தலையை இடமும் வலமும் திருப்பி, மேலும் கீழும் அசைத்து, உரக்கப் பேசி, குனிந்து நிமிர்ந்து, மீண்டும் இயல்பாக மூச்சுவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம். பேசுவதற்கு நான் பெரும்பாலும் நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்வேன். ஒரு முறை ஃபெட்லிங் தொழிலாளி ஒருவர் தொண்ணூற்று மூன்று வரை வந்து நின்றுவிட்டார்; "இனிக்குதுங்க சார்" என்றார். தலையைத் திருப்பியபோதெல்லாம் தாங்கிய கவசம், வாய் அசைந்ததும் இடது கன்னத்தில் விலகிவிட்டது. சில மாதங்களுக்கு முன் அந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்கியிருந்தார். கன்னம் அங்கே சற்று ஒட்டியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அதே கவசத்தில் அவர் தேறியவர். பல் எடுத்தாலும், உடல் எடை கணிசமாக மாறினாலும், முகத்தில் தழும்போ அறுவையோ ஏற்பட்டாலும் ஆண்டு முடியக் காத்திராமல் மறுபடி சோதிக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். வேறு வடிவமுள்ள ஒரு கவசத்தை அவருக்குக் கொடுத்தோம். அதில் ஏழு நிமிடமும் இனிப்பு வரவில்லை.

ஆகையால் ஒரே அளவை மொத்தமாக வாங்கிக் குவிக்காமல், இரண்டு மூன்று மாடல்களிலும் அளவுகளிலும் சில கவசங்களை முதலில் வாங்கிச் சோதித்துவிட்டுப் பிறகு கொள்முதல் செய்யுங்கள். சோதனைக்கு முன்னால், கவசத்தோடு மூச்சுவிட்டு வேலை செய்ய உடல் தாங்குமா என்ற மருத்துவ மதிப்பீடு முடிந்திருக்க வேண்டும். பதிவில் தொழிலாளியின் பெயர், சோதனையின் வகை, கவசத்தின் நிறுவனம், மாடல், அளவு, தேதி, முடிவு ஆகியவை இருக்க வேண்டும். தணிக்கைக்கு முதல் நாள் உட்கார்ந்து எல்லாருடைய பெயருக்கும் நேரே 'தேறினார்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்; தனக்குப் பொருந்தாத கவசத்தை நம்பித் தூசிக்குள் போகிறவருக்குச் செய்யும் துரோகம் அது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நன்கு பொருந்திய அரைமுகக் கவசத்துக்கும் வேலையிடத்தில் பத்து மடங்குப் பாதுகாப்பைத்தான் ஓஷா கணக்கில் கொள்கிறது. சோதனையில் கேட்கும் நூறு, அதற்கு மேல் வைத்துக்கொள்ளும் கையிருப்பு. தூசியின் அளவு அனுமதிக்கப்பட்ட வரம்பைப் போலப் பத்து மடங்கைத் தாண்டினால் இந்தக் கவசம் போதாது. தூசியை எழும் இடத்திலேயே உறிஞ்சும் ஏற்பாடு முதலில் வேண்டும்.

கேள்வி: கிரானைட் பட்டறையில் மேற்பார்வையாளராக உள்ளேன். கார்த்திகையில் அய்யப்பனுக்கு மாலை போட்டுத் தாடி வளர்க்கும் தொழிலாளர்களுக்குப் பொருத்தச் சோதனை செய்யலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: செய்யக் கூடாது. கவசத்தின் விளிம்பு தோலில் படியும் கோட்டில் முடி இருந்தால் சோதனையே நடத்தக் கூடாது என்பது விதி. இரண்டு நாள் முள்தாடிக்கும் இது பொருந்தும். பிரிட்டனில், வேலை தொடங்குவதற்கு முந்தைய எட்டு மணி நேரத்துக்குள் சவரம் செய்திருக்க வேண்டும் என்றே வழிகாட்டுகிறார்கள். விளிம்புக்குள் அடங்கும் மீசையால் தொல்லை இல்லை. மாலை போட்டவரிடம் தாடியை எடு என்று சொல்ல எனக்கு மனம் வராது, சொல்லவும் வேண்டியதில்லை. மின்விசிறியால் வடிகட்டிய காற்றைச் செலுத்தும் தளர்வான தலையுறைக் கவசத்துக்குப் பொருத்தச் சோதனை தேவையில்லை, தாடியோடும் அணியலாம், 25 மடங்குப் பாதுகாப்பு அதற்குக் கணக்கிடப்படுகிறது. விலை அதிகம்தான். ஆனால் இரண்டு மூன்று வாங்கி வைத்தால் ஆண்டு முழுவதும் வேறு காரணங்களுக்காகத் தாடி வைத்திருப்பவர்களுக்கும் பயன்படும். அது இயலாவிட்டால், அந்த ஒரு மண்டலத்துக்குக் கூலி குறையாமல் தூசியில்லாத வேலைக்கு அவரை மாற்றுங்கள். தாடிக்கு மேல் கவசத்தை இறுக்கிக் கட்டிவிட்டு அறுக்க அனுப்புவது மட்டும் வேண்டாம்.

கேள்வி: சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் பெயின்டராக இருக்கிறேன். போன ஆண்டு ஒரு ரப்பர் அரைமுகக் கவசத்தில் தேறினேன். இப்போது ஸ்டோரில் வேறு நிறுவனத்தின் கவசத்தைக் கொடுத்து, கையால் பொத்தி ஊதிப் பார்த்தால் போதும் என்கிறார்கள்.
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: பொத்தி ஊதிப் பார்ப்பதும் இழுத்துப் பார்ப்பதும், தேறிய கவசத்தை இன்று சரியாக அணிந்திருக்கிறோமா என்று ஒவ்வொரு முறையும் செய்துகொள்ளும் சரிபார்ப்பு. அது பொருத்தச் சோதனைக்கு ஈடாகாது. சிங்கப்பூரில் சுவாசக் கவசங்களுக்கான எஸ்எஸ் 548 நடைமுறைத் தொகுப்பே இருக்கிறது. உங்கள் பாதுகாப்பு அலுவலரிடம் அதைச் சொல்லி, புதிய கவசத்துக்குப் புதிய சோதனை கேளுங்கள். அதுவரை பழைய மாடலையே தரச் சொல்லுங்கள்.

கேள்வி: காசநோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். சர்க்கரை நோய் உண்டு. சாக்கரின் சோதனை எனக்கு ஆகுமா? தவிர, எனக்கு இனிப்பே தெரியவில்லை என்பதால் 'தேறிவிட்டீர்கள்' என்று அனுப்பிவிட்டார்கள்.
– வாசகி, மதுரை

பதில்: சாக்கரின் சர்க்கரை அல்ல, அது இரத்தச் சர்க்கரையை ஏற்றாது. உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிதான் எனக்குக் கவலை தருகிறது. கவசம் இல்லாமல் செய்யும் முதற்கட்டத்தில் உங்களுக்கு இனிப்புத் தெரிந்ததா? பத்து முறை தெளித்தும் தெரியாவிட்டால் இருபது, பிறகு முப்பது வரை தெளித்துப் பார்க்க வேண்டும். அப்போதும் தெரியாதவருக்கு சாக்கரின் சோதனை செல்லாது; பிட்ரெக்ஸ் என்ற கடுங்கசப்புக் கரைசலாலோ கருவியாலோ செய்ய வேண்டும். முதற்கட்டத்தையே செய்யாமல் விட்டிருந்தால் உங்கள் 'தேர்ச்சி'க்குப் பொருள் இல்லை, மறுசோதனை கேளுங்கள். சோதனைக்குக் கால்மணி நேரம் முன்பிருந்து தண்ணீர் தவிர எதையும் உட்கொள்ளாதீர்கள். டீ குடித்த நாக்கு மங்கிவிடும். உங்கள் முகம் சிறியது என்றால் சிறிய அளவைக் கேட்டு வாங்குங்கள். மேல் பட்டை உச்சந்தலையிலும் கீழ்ப் பட்டை காதுகளுக்குக் கீழே பிடரியிலும் இருக்க வேண்டும். கொண்டையின் மேல் மாட்டினால் வழுக்கி இறங்கும் என்பதால், பணிக்கு வரும்போது எப்படித் தலை முடிகிறீர்களோ அதே முடிப்போடு சோதனைக்குச் செல்லுங்கள்.